பிறர் நம்பிக்கையைக் கற்றல்: பள்ளிக் கல்வியில் கலைப்பாடங்களும் சமயமும்

தான் நம்பாத ஒன்றை ஒருவர் உண்மையாகவே புரிந்துகொள்ள முடியுமா என்பது மெய்யியலில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டுவரும் வினா. பள்ளிக்கூடத்தில் கலைப்பாடங்களுக்கு என்ன இடம் என்ற கேள்வியும் இறுதியில் இந்த வினாவிலேயே வந்து நிற்கிறது. கலைப்பாடங்கள் என்று இங்கே குறிக்கப்படுபவை மொழி, இலக்கியம், வரலாறு, மெய்யியல், சமயங்களைப் பற்றிய படிப்பு ஆகியவை. அதாவது மனிதர் சொன்னதையும் செய்ததையும் வழிபட்டதையும், அவற்றுக்கு அவர்களே கொண்டிருந்த பொருளோடு சேர்த்து ஆராயும் துறைகள். இவற்றுக்கு ஆதரவாகப் பேசுவோர், சிந்தனைத் திறன் வளரும், மொழித்திறன் கூடும், போட்டித் தேர்வுகளுக்குக் கைகொடுக்கும் என்றெல்லாம் காரணம் காட்டுவது வழக்கம். அவை பொய்யல்ல, ஆயினும் அவற்றில் பெரும்பகுதி கணிதத்துக்கும் பொருந்தும் என்பதால், கலைப்பாடங்களால் மட்டுமே கிடைக்கக்கூடியது எது என்பதற்கு அவை விடையாவதில்லை. அந்த விடை வேறெங்கையும்விடச் சமயத்தின் பக்கத்தில்தான் தெளிவாகப் புலப்படுகிறது. ஏனெனில், மனிதருக்கு மனிதர் மிகவும் அந்நியராகத் தோன்றுவது அவரவர் வழிபாட்டிலும் நம்பிக்கையிலும்தான்.

ஜெர்மானிய மெய்யியலாளர் வில்ஹெல்ம் டில்தே 1883-இல் வெளியிட்ட நூலில் தொடங்கிப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆராய்ச்சியில், இயற்கையை ஆராயும் அறிவியல்களும் மனித வாழ்வை ஆராயும் துறைகளும் ஒரே வகை அறிவைத் தேடுபவை அல்ல என்று நிறுவ முயன்றார். இயற்கை நிகழ்ச்சிக்குக் காரணம் காட்டினால் போதும். அதற்கு விளக்கம் என்று பெயர். மனிதச் செயலுக்குக் காரணம் காட்டிய பிறகும், அதைச் செய்தவருக்கு அது என்னவாக இருந்தது என்பது எஞ்சி நிற்கும்; அதை அறிவதற்குப் புரிதல் என்று பெயர். இந்த வேறுபாட்டைப் பின்வந்தோர் பலவாறு திருத்தியும் மறுத்தும் எழுதியிருக்கின்றனர் என்றாலும், அது சுட்டும் உண்மையை எளிதில் தள்ளிவிட இயலாது.

சைன மரபில் சல்லேகனை எனப்படும் நோன்பை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். முதுமையாலோ தீராத நோயாலோ உடல் தளர்ந்து இனி நோன்பொழுக்கம் காக்க இயலாது என்ற நிலையில், ஆசிரியரின் இசைவு பெற்று, உணவைப் படிப்படியாகக் குறைத்து, பற்றையும் பகையையும் விட்டு உயிர்நீப்பது இந்நோன்பு. வடநாட்டில் இதனைச் சந்தாரா என்பர். 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இதைத் தற்கொலையாகக் கருதித் தண்டனைக்குரியது என்று தீர்ப்பளித்தது. அதே மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. உணவு நின்றால் உடலில் என்னென்ன நிகழும் என்பதை உயிரியல் துல்லியமாகச் சொல்லிவிடும். அதை முழுவதும் அறிந்த பின்னும், இது தற்கொலையா நோன்பா என்ற கேள்வி இம்மியும் நகர்வதில்லை. அந்தக் கேள்வியை நகர்த்தக்கூடிய செய்திகள் வேறு இடத்தில் கிடக்கின்றன. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களின் உருவங்கள் செதுக்கப்பட்ட இடத்தில் காணப்படும் பழங்கல்வெட்டு, சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த இடம் அது என்று பதிவுசெய்கிறது. புறநானூற்றுப் பாடல்களோ, தன் மக்களோடு ஏற்பட்ட பகையால் மனம் நொந்து வடக்கிருந்த, அதாவது வடக்கு நோக்கி உண்ணாதிருந்து உயிர்விட்ட, கோப்பெருஞ்சோழனையும், அவனை நேரில் கண்டிராமலே நட்புக்கொண்டு, அவன் சொன்னபடி வந்து சேர்ந்து உடன் வடக்கிருந்த பிசிராந்தையாரையும் காட்டுகின்றன. புறத்தே பார்த்தால் உண்ணாமல் இறத்தல் என்ற ஒரே செயல்தான். ஆனால் மன்னனுக்கு அது மானத்தின் முடிவு. புலவருக்கு நட்பின் கடன். சைன ஆசிரியருக்கோ வினையைக் கழிக்கும் நோன்பின் நிறைவு. இம்மூன்றையும் வேறுபடுத்திப் பார்க்கக் கற்ற மாணவர் ஒருவர், பின்னாளில் சல்லேகனையைச் சட்டம் தடுக்கவே வேண்டும் என்ற முடிவுக்கும் வரக்கூடும். அப்போதும் தாம் எதைத் தடுக்கச் சொல்கிறோம் என்பதை அறிந்தவராகவே அவர் அதைச் சொல்வார். நீதி வழங்குவதற்கு அந்த அறிவு ஓர் அணிகலன் அல்ல, அடிப்படைத் தேவை.

இத்தகைய புரிதல் இயலாது என்போர் இரு தரப்பினர். நம்பிக்கையுடையோருள் ஒரு சாரார், சமயம் என்பது உள்ளிருந்து வாழ்ந்து பார்ப்பவருக்கே விளங்கும் என்றும், வெளியில் நின்று படிப்பவர் மேலோட்டை மட்டுமே தடவிப் பார்ப்பவர் என்றும் கருதுகின்றனர். நம்பிக்கை இல்லாதோருள் ஒரு சாரார், சமயத்தில் புரிந்துகொள்ள ஒன்றுமில்லை, அச்சம், அறியாமை, ஆதிக்கம் ஆகியவற்றால் அது தோன்றிய விதத்தை விளக்கினால் போதும் என்று கருதுகின்றனர். எதிரெதிர்த் திசைகளிலிருந்து வந்தாலும் இவ்விரு தரப்பினரும் ஒரே முடிவில் சந்திக்கின்றனர்: வேற்றுச் சமயத்தைப் பள்ளியில் படிப்பது வீண். இம்முடிவு தவறு என்பதைத் தருக்கத்தால் நிறுவுவதைவிட, அத்தகைய புரிதல் நிகழ்ந்த இடத்தைக் காட்டுவதே நேர்வழி.

உ.வே.சாமிநாதையர் 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியேற்றபோது, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டு, திருவாவடுதுறை ஆதீனத்தின் சைவச் சூழலில் வளர்ந்த புலமையோடு வந்தார். அந்த ஆண்டிலேயே, அவ்வூருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார் அவரிடம் சைனக் காப்பியமான சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டதும், அதுவரை படித்த அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் தலபுராணங்களும் அந்நூலின் முன்னே உதவாமற்போனதும் தமிழுலகம் நன்கறிந்த வரலாறு. ஆனால் பழஞ்சுவடியை மீட்ட கதையாக மட்டும் அது சொல்லப்படுவதால், அதன் மற்றொரு பக்கம் கவனம் பெறுவதில்லை. அவருக்குத் தடையாக நின்றது சுவடியின் சிதைவு மட்டுமல்ல. இலக்கணமும் சொற்பொருளும் கைவந்த பிறகும் நூலின் உட்கிடை பிடிபடவில்லை. ஏனெனில் நூலாசிரியர் திருத்தக்கதேவர் எந்த உலகத்தை இயல்பானதாகக் கொண்டு எழுதினாரோ அந்த உலகம், சைவச் சூழலில் பயின்ற ஒருவருக்கு எதிர்க்கட்சியாக மட்டுமே அறிமுகமாகியிருந்தது. அதற்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையும் பல இடங்களில் சைன மரபறிவை எதிர்பார்த்து நின்றது.

அவர் கும்பகோணத்துச் சைனர்களைத் தேடிச் சென்றார். அங்கே ஓர் இல்லத்தில், தாம் அரிய பழங்காப்பியம் என்று கருதிய நூல் வழிபாட்டு நூலாகப் படிக்கப்பட்டு, அதன் நிறைவு ஒரு விழாவாகக் கொண்டாடப்படுவதைக் கண்டதை அவர் தம் ‘என் சரித்திர’த்தில் எழுதியிருக்கிறார். புலவர்களுக்கு அரிதாகிவிட்ட நூல், சில தெருக்களுக்கு அப்பால் உயிரோடு இருந்தது. சைன நண்பர்களிடம் அவர் ஐயங்களைக் கேட்டார். அவர்களுக்கு இயல்பாகத் தெரிந்திருந்த கோட்பாடுகளும் வழக்கங்களும் அவருக்குப் பாடமாயின. 1887-இல் சிந்தாமணி பதிப்பு வெளிவந்தது. பௌத்தக் காப்பியமான மணிமேகலைக்கு இந்த வாய்ப்பும் இல்லை. தமிழ்நாட்டில் பௌத்தர் எவரும் அண்டையில் இல்லாத நிலையில், ஆங்கிலத்தில் வெளிவந்திருந்த பௌத்த நூல்களைப் படித்து விளக்கிய மளூர் ரங்காசாரியாரின் துணையோடு அவர் அச்சமயத்தைக் கற்றார். 1898-இல் மணிமேகலையைப் பதிப்பித்தபோது புத்தரின் வரலாறு, தருமம், சங்கம் ஆகிய மூன்றையும் பற்றித் தமிழில் உரைநடையாகவும் எழுதினார்.

இவ்வளவுக்குப் பின்னும் சாமிநாதையர் சைனராகவில்லை, பௌத்தராகவும் இல்லை. தம் வழிபாட்டிலிருந்து வழுவவும் இல்லை. உள்ளே இருப்பவருக்கே விளங்கும் என்போருக்கு அவருடைய பதிப்புகள் மறுப்பு. புரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்போருக்கும் அவையே மறுப்பு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்மண்ட் ஹுசர்ல் வகுத்த நிகழ்வியல் என்னும் மெய்யியல் முறையில் இதற்கு ஒத்த ஒரு பயிற்சி உண்டு. ஒன்று உண்மையா பொய்யா என்ற தீர்ப்பைத் தற்காலிகமாக ஒதுக்கிவைத்துவிட்டு, அது உணர்பவருக்கு எவ்வாறு தோன்றுகிறது என்பதையே முதலில் கருத்தூன்றிப் பார்க்க வேண்டும் என்பது அது. தீர்ப்பைக் கைவிடுவது அல்ல, தள்ளிப்போடுவது. வயதுக்கு மீறிய பயிற்சி என்று இதைச் சொல்ல முடியாது. கதை கேட்கும் குழந்தை, கதைக்குள் பேசும் கிளி இருக்க முடியுமா என்ற வழக்கை ஒத்திவைத்துவிட்டுத்தான் கதை கேட்கிறது.

தமிழ் மெய்யியல் மரபுக்கும் இப்பயிற்சி புதிதன்று. மணிமேகலையின் 27-ஆம் காதையில் காப்பியத் தலைவி, வஞ்சி மாநகரில் அளவைவாதி, சைவவாதி, வைணவவாதி, ஆசீவகர், நிகண்டவாதி, சாங்கியர், வைசேடிகர், பூதவாதி எனப் பலருடைய கொள்கைகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டறிகிறாள். இளம்பெண்ணாகச் சென்றால் தத்துவம் பேசமாட்டார்கள் என்பதால் தவசியின் வேடம் கொண்டு செல்கிறாள் என்று காப்பியம் சொல்லும் செய்தி, கல்வி யாருக்கு மறுக்கப்பட்டது என்பதையும் கூடவே உணர்த்துகிறது. பின்னரே காஞ்சியில் அறவண அடிகளிடம் பௌத்தம் கேட்கிறாள். அருணந்தி சிவாசாரியார் 13-ஆம் நூற்றாண்டில் இயற்றிய சிவஞான சித்தியார், தன் கொள்கையைக் கூறும் சுபக்கத்துக்கு முன்னே, உலகாயதம் முதல் பாஞ்சராத்திரம் ஈறாகப் 14 கொள்கைகளை எடுத்துரைத்து மறுக்கும் பரபக்கத்தை வைக்கிறது. நன்னூல் கூறும் எழுவகை மதங்களுள், பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவதும் ஒன்று. வடமொழித் தருக்க மரபில் இதனைப் பூர்வபட்சம் என்பர்: எதிராளியின் வாதத்தை அவரே தலையசைக்கும் வகையில் எடுத்துரைக்காதவருக்கு மறுக்கும் உரிமை இல்லை என்பது அதன் அடிப்படை.

இம்மரபைப் பெருமிதத்தோடு நினைவுகூரலாம்; ஆனால் அதன் எல்லையையும் மறைக்கக் கூடாது. பரபக்கம் கேட்பது மறுப்பதற்காகவே கேட்கிறது. எதிராளியின் கொள்கை அங்கே சில கருத்துரைகளாகச் சுருங்கிவிடுகிறது. அவர் வீட்டு விழா, அவர் துயரம், அவர் தம் குழந்தைக்குச் சொல்லும் கதை ஆகியவற்றுக்கு அதில் இடமில்லை. கும்பகோணத்துச் சைன இல்லத்தில் சாமிநாதையர் கண்டது இந்தப் பகுதியைத்தான். கலைப்பாடங்கள் தருக்கத்தோடு இலக்கியத்தையும் வரலாற்றையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டியிருப்பதன் காரணம் இங்கேதான் இருக்கிறது.

எதிர்ப்பதற்காக மட்டும் கற்றல் எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்கு யாழ்ப்பாண வரலாறு ஒரு சான்று. ஆறுமுக நாவலர் (1822–1879) மெதடிஸ்ட் மிஷன் பாடசாலையில் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, பெர்சிவல் பாதிரியாரின் விவிலியத் தமிழாக்கத்துக்குத் துணைநின்றார். கிறிஸ்தவ வேதத்தை அக்காலத் தமிழ்ச் சைவர் வேறெவரையும் விட நெருக்கமாக அறிந்தவர் அவரே என்று சொன்னால் மிகையாகாது. 1848-இல் வண்ணார்பண்ணையில் அவர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது, மிஷனரிகளிடம் கற்ற கல்விமுறையையே சைவத்துக்குக் கருவியாக்கினார்; பாலபாடங்களும் சைவ வினாவிடையும் அச்சேறின. மதமாற்றத்தின் நெருக்கடியில் நின்ற ஒரு சமூகத்துக்கு அது தேவையான தற்காப்பு என்பதில் ஐயமில்லை. தமிழ் உரைநடைக்கும் பள்ளிக் கல்விக்கும் அதனால் விளைந்த நன்மையும் பெரிது. ஆயினும், வினாவும் விடையும் முன்கூட்டியே முடிவான அந்த வடிவத்தில், அடுத்த வேலிக்கு அப்பால் இருப்பவர் ஏன் அவ்வாறு வழிபடுகிறார் என்ற கேள்வி நுழைய வழியில்லை. இன்றைய இலங்கையில் சாதாரண தரப் பரீட்சை வரை சமயம் கட்டாயப் பாடம். மாணவர்கள் தத்தம் சமயத்தைப் படிக்கின்றனர். பல சமயத்தாரும் பயிலும் பாடசாலைகளில் சமய பாட வேளை வந்ததும் ஒரே வகுப்புப் பிள்ளைகள் சைவநெறிக்கு ஓர் அறை, இஸ்லாத்துக்கு ஓர் அறை, கிறிஸ்தவத்துக்கு ஓர் அறை, பௌத்தத்துக்கு ஓர் அறை என்று பிரிந்து செல்கின்றனர். கால்நூற்றாண்டுக்கும் மேலான உள்நாட்டுப் போரைக் கண்ட ஒரு நாட்டில், பிள்ளைகள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் வாய்ப்பு மிகுதியாக வேண்டிய அந்த ஒரு பாடவேளையில்தான் அவர்கள் பிரிக்கப்படுகின்றனர் என்பது ஆழ்ந்த கவலைக்குரியது.

இந்தியா இதற்கு நேர்மாறான வழியில் சென்றது. அரசமைப்புச் சட்டத்தின் 28-ஆம் உறுப்பு, முழுவதும் அரசு நிதியால் நடத்தப்படும் கல்வி நிலையங்களில் சமயபோதனை கூடாது என்கிறது. பல சமயத்தாரிடமும் பெறும் வரிப்பணத்தைக் கொண்டு ஒரு சமயத்தைப் போதிப்பது நீதியாகாது என்பது அதற்கான காரணங்களுள் ஒன்று. அக்காரணம் இன்றும் வலுவானது. ஆனால் இந்த உறுப்பு எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை என்பதை அரசியல் நிர்ணய சபையிலேயே அம்பேத்கர் தெளிவுபடுத்திவிட்டார். 1948 டிசம்பரில் நடந்த விவாதத்தில், வேதங்களும் உபநிடதங்களும் பாடமாக உள்ள வடமொழிக் கல்லூரிகளின் நிலை என்னவாகும் என்று வங்காளத்தைச் சேர்ந்த லட்சுமி காந்த மைத்ரா கேட்டபோது, இன்னதை நம்பு என்று கோட்பாட்டைப் புகட்டுவது வேறு, ஒரு சமயத்தைப் படிப்பதும் ஆராய்வதும் வேறு என்று அவர் விடையளித்தார். 1964–66-இல் செயல்பட்ட கோத்தாரி கல்விக்குழுவும் சமயக் கல்விக்கும் சமயங்களைப் பற்றிய கல்விக்கும் இடையே இதே கோட்டை வரைந்தது. உச்ச நீதிமன்றமும் அருணா ராய் வழக்கில் 2002-இல் அளித்த தீர்ப்பில், சமயங்களைப் பற்றிப் படிப்பதை 28-ஆம் உறுப்பு தடுக்கவில்லை என்று கூறியது. சட்டம் திறந்தே வைத்திருந்த கதவை மூடியது நிர்வாகத்தின் தயக்கம்தான். பள்ளியில் சமயத்தைத் தொட்டால் வம்பு என்ற எண்ணத்தால், அரசுப் பள்ளி மாணவர் பன்னிரண்டு ஆண்டுகள் படித்து வெளியேறும்போது அண்டை வீட்டாரின் நோன்பைப் பற்றி வகுப்பில் ஒரு சொல்லும் கேட்காமல் போவது இயல்பாகிவிட்டது. பள்ளி பேசாத இடத்தில் மற்றவர்கள் பேசுகிறார்கள். அவர்கள் பேசுவது எத்தகையது என்பதைக் கைபேசிகளில் நாள்தோறும் சுற்றும் செய்திகள் காட்டுகின்றன.

ஆயினும் தமிழ்நாட்டில் இம்மௌனம் முழுமையானது அல்ல. தமிழ் வகுப்பு ஒன்று இருக்கிறது. தேவாரமும் திவ்வியப் பிரபந்தமும் மணிமேகலையும் நீலகேசியும் சீறாப்புராணமும் தேம்பாவணியும் இரட்சணிய யாத்திரிகமும் பாடநூல்களில் இடம்பெற்று வந்துள்ளன. உலகின் முக்கியச் சமயங்களுள் இத்தனை ஒரே மொழியில் காப்பியம் பாடியிருப்பது அரிதினும் அரிது. அவற்றை ஒரே பாடநூலில் அடுத்தடுத்து வைத்திருப்பது, எந்தக் கல்விக்குழுவும் திட்டமிடாமலே அமைந்த பெரும்பேறு. உமறுப்புலவர் நபிகளின் வரலாற்றைப் பாடப் புகும்போது அரபு நாட்டுக்குத் தமிழ் நிலத்தின் குறிஞ்சியையும் மருதத்தையும் கொண்டுசெல்கிறார். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் சூசையப்பரைத் தமிழ்க் காப்பியத் தலைவராக்கி 3615 பாடல்கள் பாடுகிறார். ஒரு நம்பிக்கை மற்றொரு மொழியின் மரபுக்குள் வந்து குடியேறும்போது இரண்டும் எவ்வாறு மாறுகின்றன என்பதைக் காட்ட இவற்றைவிட நல்ல பாடம் கிடையாது.

இப்பாடங்கள் கையாளப்படும் விதத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் உள்ள தேம்பாவணிப் பகுதி, திருமுழுக்கு யோவானாகிய கருணையன் தன் தாய் எலிசபெத்தை அடக்கம் செய்துவிட்டுப் புலம்புவதைச் சொல்கிறது. காட்டில் தனித்து விடப்பட்ட மகனின் அழுகையைக் கேட்டுப் பூக்களும் மரங்களும் சுனைகளும் உடன் அழுகின்றன. மாணவர் இதில் எதைக் கற்கிறார் என்று விடைத்தாளைப் பார்த்தால், கருணையன் யார், நூலாசிரியர் யார், காண்டம் எத்தனை, படலம் எத்தனை, இச்சொல்லுக்கு இலக்கணக் குறிப்பு என்ன, பகுபத உறுப்பிலக்கணம் தருக என்பனவே மதிப்பெண் பெறுகின்றன. இலக்கணம் வேண்டாம் என்பது வாதமல்ல. சொல்லை ஊன்றிப் பார்க்காமல் பொருளுக்குள் போக முடியாது. ஆனால், மறுமையில் மீண்டும் கூடுவோம் என்று நம்பும் ஒரு சமயத்தவர் சாவுக்கு ஏன் இவ்வளவு அழுகிறார், அந்த நம்பிக்கையும் இந்தத் துயரமும் ஒரே நெஞ்சில் எப்படி இருக்கின்றன, சங்கப் பாடலின் கையறுநிலையிலிருந்து இந்த அழுகை எங்கே வேறுபடுகிறது என்று எந்த வினாத்தாளும் கேட்பதாகத் தெரியவில்லை. இவ்வினாக்களை எழுப்புவதற்குப் புதிய பாடநூலோ புதிய பாடமோ வேண்டியதில்லை. அதே பாடல்களும், அவற்றுக்காக இன்னும் இரண்டு பாடவேளைகளும் போதும். அறிவியல் ஆய்வகத்துக்குக் கருவி வாங்கத் தயங்காத கல்வித்துறை, இலக்கிய வகுப்புக்கு வேண்டிய ஒரே கருவியான நேரத்தை மட்டும் ஏன் குறைத்துக்கொண்டே வருகிறது என்பதற்கு நியாயமான விடை இல்லை. மேல்நிலை வகுப்பில் முதல் குரூப் எனப்படும் கணித-அறிவியல் பிரிவு கிடைக்காதவர்கள் ஒதுங்கும் இடமாகக் கலைப்பிரிவு கருதப்படுவதும், பல பள்ளிகள் அதைக் கைவிட்டுவருவதும் இதே மதிப்பீட்டின் தொடர்ச்சி.

சமயங்களைப் பற்றிய கல்வியைத் தனிப்பாடமாக்கிப் பார்த்த நாடு இங்கிலாந்து. 1944-ஆம் ஆண்டுச் சட்டம் கிறிஸ்தவ போதனையைக் கருதியே சமயத்தைக் கட்டாயமாக்கியது. நினியன் ஸ்மார்ட் தலைமையிலான குழு 1971-இல், எந்தச் சமயத்தையும் போதிக்காமல் எல்லாச் சமயங்களையும் புரியவைக்கும் முறையைப் பரிந்துரைத்தது. 1988-ஆம் ஆண்டுச் சட்டம் கிறிஸ்தவத்தோடு பிற முக்கியச் சமயங்களையும் பாடத்திட்டம் கருத்தில் கொள்ள வேண்டும் என்றது. அங்கே எழுந்த குறைபாடு கற்றுக்கொள்ளத் தக்கது. தீபாவளிக்கு விளக்கு, ஈதுக்குப் பிறை, யூதர்களின் பெசாகுக்குப் புளிக்காத அப்பம் என்று சமயங்கள் விழாக்களின் பட்டியலாகச் சுருங்கிவிட்டன. இறைவன் உண்டா, துன்பம் ஏன், இறந்தபின் என்ன என்று சமயங்கள் உண்மையில் மோதிக்கொள்ளும் இடங்கள் நழுவிப்போயின. மோதல் இல்லாத சமயப் பாடம் மரியாதையாகத் தோன்றும். ஆனால் நம்புகிறவரை அது பொருட்படுத்துவதாகாது.

இனி, கலைப்பாடங்களை எதிர்த்துச் சொல்லப்படும் மிகக் கடுமையான வாதத்தை எதிர்கொள்ளாமல் இவ்வளவு சொல்வது நேர்மையாகாது. 1942 ஜனவரி 20 அன்று பெர்லினின் வான்சீ என்ற புறநகர்ப் பகுதியில், ஐரோப்பிய யூதர்களை அழித்தொழிக்கும் திட்டத்தை ஒருங்கிணைக்க 15 அதிகாரிகள் கூடினர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் முனைவர் பட்டம் பெற்றவர்கள். செவ்வியல் மொழிகளையும் இலக்கியத்தையும் மெய்யியலையும் உலகிலேயே உயர்த்திப் பிடித்த கல்விமுறையின் நாட்டில் அது நிகழ்ந்தது. கலைப்பாடங்கள் மனிதரை மனிதராக்கும் என்று இதற்குப் பிறகும் எளிதாகச் சொல்லிவிட முடியாது. சொல்பவர் அந்த மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தவர்களுக்கு விடை சொல்ல வேண்டும்.

விடை இரண்டு பகுதிகளை உடையது. முதலாவது, கலைப்பாடங்கள் ஒழுக்கத்தை உறுதிசெய்யும் என்று வாக்களிப்பதையே விட்டுவிட வேண்டும். நற்பண்பு பழக்கத்தால் வருவது, நல்ல செயல்களைச் செய்து செய்தே ஒருவர் நல்லவராகிறார் என்று அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலில் கூறினார். அது வீட்டிலும் தெருவிலும் பள்ளி நடத்தப்படும் விதத்திலும் அமைவதேயன்றி ஒரு பாடவேளையில் புகட்டப்படுவதன்று. நீதிபோதனை வகுப்புகளின் தோல்விக்கும் இதுவே காரணம். கலைப்பாடங்கள் தருவது நற்செயல் அல்ல. நற்செயல் பிழையாமல் நடக்க வேண்டிய ஓர் அறிவு. பிறருக்கு எது புண்படுத்தும், எது இழப்பு, எது புனிதம் என்று அறியாமல் நல்லெண்ணம் மட்டும் கொண்டவர், நல்லெண்ணத்தோடே தீங்கிழைப்பார். இரண்டாவது, ஜெர்மானியப் பள்ளிகளில் யாரைப் புரிந்துகொள்ளக் கற்பித்தார்கள் என்று கேட்க வேண்டும். பண்டைக் கிரேக்கரும் உரோமரும் தம் சொந்த முன்னோர்போல் அங்கே போற்றப்பட்டனர். சமய பாடமோ அந்தந்தச் சபையினருக்குத் தனித்தனியாக நடந்தது. 1919-ஆம் ஆண்டு வைமார் அரசமைப்புச் சட்டமும் சமய பாடம் அந்தந்தச் சமய அமைப்பின் கொள்கைப்படியே அமையும் என்றது. அடுத்த இருக்கையில் இருந்த யூத மாணவரின் சமயம், மற்ற மாணவர்கள் கற்க வேண்டிய உயிருள்ள மரபாக அந்த அமைப்பில் இடம்பெறவில்லை. பேரழிவுக்கு இதுவே காரணம் என்று சொல்வது மிகை. ஆனால் அக்கல்விமுறையில் கலைப்பாடங்கள் தம் தனிப்பணியைச் செய்து தோற்றன என்பதைவிட, அப்பணி அவற்றிடம் ஒப்படைக்கப்படவே இல்லை என்பது உண்மைக்கு நெருக்கமானது.

புரிந்துகொள்வது என்றால் ஒப்புக்கொள்வது என்று பொருள்படுமோ என்ற அச்சம் ஒன்றும் எஞ்சுகிறது. ஒரு சமயத்தைப் பற்றிச் சொல்லும் கூற்றை அச்சமயத்தார் ஏற்க வேண்டும் என்று கனடிய அறிஞர் வில்ஃப்ரட் கான்ட்வெல் ஸ்மித் கூறிய அளவுகோல், அவதூறைத் தடுக்கும். ஆனால் அச்சமயத்தின் சார்பில் பேசுபவர் யார் என்ற கேள்வியை அது தொடுவதில்லை. சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் பாடிய திருநாளைப்போவார் புராணத்தை வகுப்பில் எடுத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் முழுவதும் வெளிப்படும். தில்லைக்குப் போக ஏங்கிய ஆதனூர்ப் புலையர் ஒருவர், தீயில் மூழ்கி முனிவராக எழுந்து ஆடல்வல்லானைக் காண்கிறார். 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில், சேக்கிழாரிடம் இல்லாத ஒரு பாத்திரம் நுழைகிறது: நந்தனைப் பண்ணைவேலையை விட்டுப் போகவிடாத வேதியர். பக்தியின் வரலாறாக இருந்தது, நிலத்தின் வரலாறாகவும் ஆகிறது. இருபதாம் நூற்றாண்டில் தலித் எழுத்தாளர்கள் இக்கதையை மீண்டும் எடுத்தபோது, அந்தத் தீ யார் மூட்டியது, ஏன் மூட்டியது என்று கேட்டனர். மூன்று பனுவல்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் வகுப்பில், நந்தனாரின் வழித்தோன்றலாகத் தன்னை உணரும் ஒரு மாணவி எழுந்து, இறைவன் அழைத்த பிறகும் தீ எதற்கு என்று கேட்டால், அந்தக் கேள்வியைப் பண்பற்றது என்று அடக்குபவர் ஆசிரியராக இருக்கத் தகாதவர். அந்தக் கேள்வியோடு பாடம் முடிந்துவிட்டது என்று கருதி, சேக்கிழார் அத்தீயில் கண்டது என்ன, உடலின் இழிவாக உலகம் சுமத்தியதை எரித்துவிட்டு எழுபவரைத் தில்லை அந்தணராகிய மூவாயிரவர் வணங்கும் காட்சியை அவர் ஏன் அமைத்தார் என்பதைச் சொல்லாமல் விடுபவரும் தம் பணியில் பாதியையே செய்தவராவார். இரண்டையும் ஒரே பாடவேளையில் தாங்கிநிற்கப் பழகிய ஆசிரியர்களை உருவாக்க வேண்டிய பொறுப்பு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளுடையது. அக்கல்லூரிகளின் பாடத்திட்டத்தில், சமயம் சார்ந்த ஒரு பனுவலை நம்புவோரும் நம்பாதோரும் கலந்த வகுப்பில் எப்படிக் கற்பிப்பது என்பதற்கு இனிமேல்தான் இடம் தேட வேண்டியிருக்கிறது.